பள்ளிக்கு வெளியே படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே படித்து வளர்ந்தவர்கள், திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து தாமாகப் படித்தவர்கள், படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப நினைப்பவர்கள் ஆகியோரும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் மகளை வீட்டில் படிக்கவைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். அதன் பிறகு வேறு பல குடும்பங்களின் விண்ணப்பக் கட்டுகளையும் உடனிருந்து சரிபார்த்திருக்கிறேன். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், கீழே உள்ளவற்றை நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேர முடியுமா?

முடியும். எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்து வழி மாறும். வீட்டில் படிக்கவைப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது ஒரு கேள்வி. அப்படிப் படித்தவரைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். அமெரிக்காவில் 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது; மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்ஐடி) போன்ற நிறுவனம்கூட வீட்டில் படித்தவர்களிடம் பள்ளி இறுதிச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஜெர்மனியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். வீட்டுக்கல்விக்கு அங்கே அநேகமாக இடமே கிடையாது. ஆனாலும் பள்ளியில் படிக்காத ஒருவர் வெளியிலிருந்து வந்து அபிட்டூர் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வை எழுதித் தேறினால், பள்ளியில் படித்தவருக்கு உள்ள அதே சேர்க்கை உரிமை அவருக்கும் உண்டு. ஆகவே, ‘எங்கள் நாட்டில் இதற்கு அனுமதி இருக்கிறதா’ என்று தொடங்குவதைவிட, ‘இந்தப் படிப்பில் சேர இவர்கள் எந்தத் தாளைக் கேட்கிறார்கள்’ என்று தொடங்குவது பயன் தரும்.

சேர்க்கை அலுவலகம் எங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்குமா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் அவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பள்ளி தன் மாணவருக்குக் கல்வியோடு சேர்த்துச் சாட்சியையும் கொடுத்துவிடுகிறது. இந்தப் பிள்ளை இத்தனை ஆண்டு இங்கே படித்தார், இன்ன பாடத்தில் இவ்வளவு தேறினார், வகுப்பில் இன்ன இடத்தில் இருந்தார் என்று, பெற்றோர் அல்லாத ஒருவர் முத்திரை குத்திச் சொல்லிவிடுகிறார். வீட்டில் படித்தவர் அதே அளவோ அதற்கு மேலோ கற்றிருக்கலாம். ஆனால் அதைப் பார்த்த கண்கள் எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. விண்ணப்பத்தைப் புரட்டும் அலுவலர் பிள்ளையின் அறிவைச் சந்தேகிப்பதில்லை. அதற்கு வெளியாள் சாட்சி உண்டா என்றுதான் தேடுகிறார். தேர்வு, பரிந்துரைக் கடிதம், ஒலிம்பியாட் பதக்கம், மாலைக் கல்லூரியில் எடுத்த ஒரு பாடம், அச்சேறிய ஒரு கட்டுரை என எல்லாமே இந்த ஒரே இடத்தை நிரப்பத்தான்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் கணிதமேதை ராமானுஜனை இழுத்து வந்து, எஃப்.ஏ. என்ற அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறாதவரையே கேம்பிரிட்ஜ் சேர்த்துக்கொண்டதே என்பார். உண்மைதான், 1916-ல் ஆய்வின் வழியாகவே அவருக்கு அங்கே பி.ஏ. பட்டமும் கிடைத்தது. ஆனால் 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் தன்னைப் பற்றிய வரிகள் கொஞ்சம். மற்றதெல்லாம் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதற்கு முன் அவர் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வேலையைக் காட்டினார், அதை எடைபோடத் தெரிந்த ஒருவரின் கைக்கு அது போய்ச் சேரும்வரை காட்டிக்கொண்டே இருந்தார்.

பொதுத் தேர்வு எழுதியே ஆக வேண்டுமா?

பள்ளி இறுதித் தேர்வைச் சட்டத்திலேயே தகுதியாக எழுதிவைத்திருக்கும் நாடுகளில் எழுதித்தான் ஆக வேண்டும். இந்தியாவில் பட்டப்படிப்புச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு இணையான தேர்ச்சி வேண்டும். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு. 2016-ல் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் படித்த மும்பைப் பெண் ஒருவர் சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றிருந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடியில் அவருக்கு இடமில்லை. எம்ஐடி உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது. இடையில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் அவரது தரத்தைச் சோதித்து, முதுநிலை வகுப்பிலேயே அமர்ந்து படிக்க இடம் கொடுத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஒரே பெண்ணின் ஒரே தகுதியை ஓரிடம் ஏற்றது, இன்னோரிடம் ஏற்கவில்லை. விதி எழுதப்பட்ட விதம்தான் வேறுபாடு. ஆனால் இந்தக் கதையை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று ஒலிம்பியாட் பதக்கங்களைவிட ஒரு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி எளிதில் கிடைப்பது.

அந்தத் தேர்ச்சியைப் பெற இந்தியாவில் நேரான வழி, 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். ஒருமுறை பதிந்தால் அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடக்கிறது. அது தவிர, வேண்டும்போது எழுதும் தேர்வு முறையும் இருக்கிறது. ஐந்து பாடங்களில் தேறியவர் ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ நுழைவுத் தேர்வை இவர்கள் எழுதலாமா என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்று தெரிந்தும், எளிது என்பதற்காக வேறு ஐந்து பாடங்களை எடுத்துத் தேறிவிட்டு, பிறகு உட்கார்ந்து வருந்துவார்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், தனித்தேர்வராக எழுதும் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலை), ஏ-லெவல் (பன்னிரண்டாம் வகுப்பு நிலை) ஆகிய பிரிட்டிஷ் முறைத் தேர்வுகளுக்கு மதிப்பு அதிகம். மூன்று ஏ-லெவல் பாடங்களில் நல்ல தரம் வைத்திருப்பவர் எங்கே படித்தார் என்று பிரிட்டனில் யாரும் பெரிதாகத் துருவுவதில்லை.

தனித்தேர்வராக எழுதுவதில் என்ன சிக்கல் வரும்?

பாடத்தைவிட மையமே பெரிய சிக்கல். பள்ளி மாணவருக்குத் தேர்வு மையம் தானாக அமைகிறது. தனித்தேர்வர் தானே ஒரு மையத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும், அவரை ஏற்பதும் மறுப்பதும் அந்த மையத்தின் விருப்பம். என் மகள் வேதியியல் எழுத வேண்டிய ஆண்டில் ஒரு மையம் தொலைபேசியில் “பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள்” என்றது. அந்த வார்த்தையை நம்பி வேறெங்கும் கேட்காமல் இருந்துவிட்டோம். பதிவு முடியும் வாரத்தில், தங்கள் மாணவர்களுக்கே ஆய்வகம் போதவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பாடம் மட்டும் ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. அதோடு விண்ணப்பமும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அன்றிலிருந்து யாரிடமும் சொல்வது இதுதான்: மையத்தின் சம்மதத்தை, பாடத்தின் பெயர், தாள் எண், செய்முறை உண்டா இல்லையா என்பது வரை குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலே போதும்.

செய்முறைத் தேர்வு அடுத்த முடிச்சு. ஒரே பாடத்தைத் தேர்வு வாரியங்கள் வெவ்வேறு விதமாகச் சோதிக்கின்றன. கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுதக்கூடிய மாற்றுத் தாள் உண்டு. ஆனால் அதே வாரியத்தின் ஏ-லெவல் அறிவியலில் ஆய்வகத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும். பியர்சன் எடெக்செல் என்ற இன்னொரு வாரியம் நடத்தும் சர்வதேச ஏ-லெவலில் செய்முறைத் திறன் எழுத்துத் தாளாகவே கேட்கப்படுகிறது. இங்கிலாந்துக்குள் நடக்கும் ஏ-லெவலில் செய்முறைக்குத் தரப்புள்ளி இல்லை, தேர்ச்சி உண்டா இல்லையா என்ற தனிக் குறிப்பு மட்டும் சான்றிதழில் ஏறும். தரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தக் குறிப்பில் தேர்ச்சி வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் படிப்புகள் பல. ஆகவே வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சேர விரும்பும் படிப்பின் நிபந்தனையைப் படித்துவிட வேண்டும். பாடத்திட்டம் பிடித்திருக்கிறது என்பதற்காக முதலில் வாரியத்தைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை. இலக்கியம், வரலாறு, கணினியியல் போன்ற பாடங்களிலும் ஆண்டு முழுவதும் செய்து ஆசிரியர் மதிப்பிட வேண்டிய பகுதி இருக்கக்கூடும். அதை யார் மதிப்பிடுவார் என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிவிடக் கூடாது.

மதிப்பெண் பட்டியலை நாங்களே தயாரிக்கலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை தாராளமாகத் தயாரிக்கலாம். அவர்களே அதை எதிர்பார்க்கிறார்கள். டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் அந்தப் பட்டியலில் பள்ளி இறுதி நான்கு ஆண்டுகளின் பாடங்கள், ஒவ்வொன்றின் மதிப்பலகு, தரம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்புக்கு ஓர் அலகு என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னெகி அறக்கட்டளை வகுத்த கணக்கு. இன்றும் அங்கே அதுவே வழக்கில் இருக்கிறது. பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் வீட்டில் தயாரித்த பட்டியலுக்கு அநேகமாக எடை கிடையாது. அங்கே தேர்வு வாரியத்தின் சான்றிதழே பேசும்.

பெற்றோர் போட்ட மதிப்பெண்ணை யார் நம்புவார் என்ற தயக்கம் நியாயமானது. எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பினால் யாரும் நம்பப்போவதில்லைதான். மதிப்பெண்ணுக்குப் பின்னால் நடந்த வேலை பாடவிவரக் குறிப்பில் தெரியும். பட்டியலுக்கு உயிர் கொடுப்பது அந்தக் குறிப்பு. ‘புவியியல், 95’ என்று ஒரு குடும்பம் எழுதியிருந்தது. என்ன படித்தார் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த வரி இப்படி மாறியது: “நீரோட்டமும் நிலத்தோற்றமும். ஓராண்டு, ஏறத்தாழ 130 மணி நேரம். ஓர் ஓடையின் நீர்மட்டத்தை ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் இருமுறை அளந்து, மழையளவோடு ஒப்பிட்டு 14 பக்க அறிக்கை எழுதினார். அறிக்கையைக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் வாசித்து, அளவீட்டில் இருந்த பிழையைச் சுட்டியபின் இரண்டாம் முறை எழுதப்பட்டது. மதிப்பீடு: இரண்டு எழுத்துத் தேர்வுகள், அறிக்கை.” மதிப்பெண் 95-லிருந்து 88-க்கு இறங்கியது, பெற்றோரே குறைத்தார்கள். ஆனால் படிக்கிறவருக்கு இப்போது ஓடை தெரிகிறது, விரிவுரையாளர் தெரிகிறார், திருத்தப்பட்ட பிழையும் தெரிகிறது.

இதற்கெல்லாம் அன்றாடக் குறிப்பு வேண்டும். படித்த நூல்களின் பெயர், பாட நேரம், எழுதிய கட்டுரைகள் ஆகியவற்றை மாதக் கடைசியில் அரை மணி நேரம் செலவிட்டுப் பதிந்துவைத்தால் போதும். நான்கு ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால், நடந்ததில் பாதி மறந்திருக்கும், மீதி மிகையாகிவிட்டிருக்கும்.

ஆசிரியரே இல்லாதபோது பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெற்றோரிடம் வாங்கக் கூடாது என்பதே முதல் விடை. பிரிட்டனில் விண்ணப்பங்களைத் திரட்டும் யுகாஸ் அமைப்பு, குடும்பத்தினரோ நண்பர்களோ பரிந்துரை எழுதக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. அமெரிக்காவில் பலரும் பயன்படுத்தும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்ப முறையில் நிலைமை சற்று வேறு. பள்ளி ஆலோசகர் நிரப்ப வேண்டிய படிவத்தை அங்கே வீட்டுக்கல்வியை நடத்தியவரே, அதாவது தாயோ தந்தையோ, நிரப்பலாம். ஆனால் ஆசிரியர் பரிந்துரை என்ற இடத்தை வேறொருவர் நிரப்புவதே நல்லது.

அந்த வேறொருவர், பிள்ளை வேலை செய்வதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். பெரிய பதவி தேவையில்லை. ஊரறிந்த பிரமுகர் ஒருவர் ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எதிர்காலத்தில் சிறந்து விளங்குவார்’ என்று எழுதித் தந்த கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். பெயரை மாற்றினால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அதே விண்ணப்பத்தில் ஒரு நூலகர் எழுதிய கடிதமும் இருந்தது. பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்த இந்தப் பெண், ஒரே ஆசிரியரின் பெயர் முன்னெழுத்து மாறி ஐந்து விதமாக எழுதப்பட்டிருப்பதைத் தானே கவனித்தார், அதைச் சீராக்க ஒரு விதி வகுத்துக்கொண்டார், விதிக்குள் அடங்காத நாற்பது அட்டைகளைத் தனியே எடுத்துவைத்து எங்களிடம் வந்து கேட்டார் என்று அதில் இருந்தது. தெரியாததைத் தெரியாதது என்று ஒதுக்கிவைத்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை என்பது அந்த நாற்பது அட்டைகளில் தெரிந்துவிடுகிறது.

இப்படிப்பட்டவர் யாரும் இல்லையென்றால், விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்பாவது உருவாக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் ஒரு பருவப் பாடம், தனிப்பயிற்சி, தொண்டு வேலை, கோடை முகாம், இணையவழி வகுப்பு எதுவானாலும் சரி. கற்பித்தவர் பிள்ளையின் எழுத்தைத் திருத்தியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆயிரம் பேரோடு சேர்ந்து காணொளி பார்த்துப் பெற்ற சான்றிதழ் பரிந்துரை ஆகாது.

விண்ணப்பக் கட்டுரையில் வீட்டுக்கல்வியைப் பற்றி எழுத வேண்டுமா?

சொல்லுங்கள், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். பள்ளிமுறையின் குறைகளைப் பட்டியலிட்டுத் தொடங்கும் கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பல பெற்றோரின் குரலில் ஒலிக்கின்றன, அலுவலர் அதை முதல் பத்தியிலேயே கண்டுகொள்வார். ஏன் வீட்டில் படித்தோம் என்ற விளக்கம் வீட்டுக்கல்வியாளர் நிரப்பும் படிவத்துக்கு உரியது. மாணவரின் கட்டுரையில் மாணவருக்குப் பிடித்த பாடமே இருக்க வேண்டும். 2026 சேர்க்கை முதல் யுகாஸ் ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கிறது: இந்தப் படிப்பு ஏன், உங்கள் கல்வி உங்களை எப்படித் தயார்செய்தது, கல்விக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள் என்பவை அவை. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகளுக்கே இடம். இரண்டாவது கேள்வி வீட்டில் படித்தவருக்கென்றே வைத்தது போல இருக்கிறது.

எஸ்ஏடி விருப்பத்தேர்வு என்கிறார்களே, விட்டுவிடலாமா?

எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு. அது கட்டாயமில்லாத இடங்களில் பள்ளி மாணவர் விட்டுவிடலாம். வீட்டில் படித்தவர் விடாமலிருப்பது நல்லது, ஏனென்றால் அவரிடம் ஏற்கெனவே வெளிச்சாட்சி குறைவு. எம்ஐடி 2022-ல் இந்தத் தேர்வை மறுபடியும் கட்டாயமாக்கியது. மறுமுனையில், கலிபோர்னியா பல்கலைக்கழகம் அனுப்பினாலும் அதைச் சேர்க்கைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓரளவு மதிப்பெண் கிடைத்து அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களுக்கு என் கருத்து, அனுப்புவது மேல் என்பதே.

ஜிஇடி தேர்வு பள்ளி இறுதிக்கு இணையானதுதானே?

அமெரிக்காவில் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்காக 1942-ல் உருவான தேர்வு அது. நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 145 தேர்ச்சி மதிப்பெண். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே எல்லாரும் அதை இணையானதாக ஏற்பதில்லை. ‘மூன்று மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்பு’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன், சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிப் படிப்பையும் முடிக்கவில்லை. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பல நாடுகளில் வயதே ஒரு தகுதியாகக் கணக்கிடப்படுகிறது. அயர்லாந்தில் 23 வயதானவர் முதிர்மாணவராக விண்ணப்பிக்கலாம். ஸ்பெயினில் 25 வயதைக் கடந்தவர்களுக்கென்று தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. நியூசிலாந்தில் 20 வயதைக் கடந்த உள்நாட்டவருக்குப் பள்ளித் தகுதி இல்லாமலே சிறப்புச் சேர்க்கை உண்டு. மலேசியாவில் ஏபெல் எனப்படும் முறையில் 21 வயதானவர் தம் பணி அனுபவத்தை ஆவணமாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறி இளநிலைப் படிப்பில் சேரலாம். ஜெர்மனியில் கைத்தொழிலில் மைஸ்டர் எனப்படும் தலைமைத் தொழில்வல்லுநர் தகுதி பெற்றவருக்கு அபிட்டூர் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேரும் உரிமை 2009 முதல் இருக்கிறது. பள்ளியை விட்டு நாளான பெரியவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தயாராவதற்கென்றே இங்கிலாந்தில் ஆக்சஸ் டிப்ளமோ என்ற படிப்பு நடக்கிறது.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-ல் சாசனம் பெற்று 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி, பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு முன்தகுதி எதையும் கேட்பதில்லை. கனடாவின் அதபாஸ்காவும் 16 வயது நிரம்பியவரைத் திறந்த சேர்க்கையில் ஏற்கிறது. தேர்ந்தெடுத்து ஒரு பாடம் படித்துத் தேறினால், அடுத்த விண்ணப்பத்தில் வைக்க அண்மைக்காலச் சாட்சி ஒன்று கிடைத்துவிடும். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளி மதிப்பெண்ணைவிடப் போன ஆண்டு தேறிய ஒரே ஒரு பாடம் அதிகம் பேசும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராமல் திறந்தநிலை வழியில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை அரசுப் பணி நியமனங்கள் பலவற்றில் ஏற்பதில்லை. அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு வேலை நோக்கமாக இருந்தால் முதலில் என்ஐஓஎஸ் வழியாகப் பன்னிரண்டை முடித்துவிடுவது பாதுகாப்பு. சுற்று வழிதான், பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் நின்று விளக்கம் சொல்வதைவிட அது மேல்.

படிப்பில் விழுந்த இடைவெளியை எப்படி விளக்குவது?

இரண்டு வாக்கியத்தில். நோய், குடும்பச் சூழல், வேலை, எதுவாக இருந்தாலும் என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பது மட்டும் போதும். அனுதாபம் தேடும் நீண்ட விளக்கம் விண்ணப்பத்தின் எஞ்சிய பகுதியை அமுக்கிவிடும். விளக்கமே இல்லாத வெற்றிடமோ கற்பனைக்கு இடம் கொடுத்துவிடும்.

ஒரு நாட்டில் எழுதிய தேர்வை வேறு நாடு ஏற்குமா?

பெரும்பாலும் ஏற்கும், ஆனால் இணைத்தன்மையை நிறுவும் பொறுப்பு உங்களுடையது. வெளிநாட்டு வாரியச் சான்றிதழோடு இந்தியாவில் சேர்பவர்களுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இணைத்தன்மைச் சான்று வழங்குகிறது. அதற்கு எத்தனை பாடங்கள் தேறியிருக்க வேண்டும் என்பதைத் தேர்வு எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு பாடம் குறைந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்கும் கல்லூரியில், அது ஏன் இல்லை என்பதைத் தெரிவிக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஏற்கப்படுமா என்று சேர்க்கை நாளுக்கு முன்பே கேட்டு வைப்பதும் நல்லது. வரிசையில் நிற்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு 14 வயதாகும்போது பாடக்குறிப்புகளைப் பதியத் தொடங்குங்கள். எந்த வாரியத் தேர்வு என்பதை 15-க்குள் முடிவு செய்துவிட வேண்டும். பரிந்துரை எழுதக்கூடியவர்களோடு வேலை செய்யும் வாய்ப்பு 16-இல் அமைய வேண்டும். கடைசி ஆண்டில் நாள்காட்டிதான் எசமான்: ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும், மருத்துவப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் யுகாஸ் கெடு, சேர்வதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15. பள்ளியில் படிப்பவருக்கு இதையெல்லாம் யாராவது நினைவூட்டிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

நிராகரித்துவிட்டால் என்ன செய்வது?

காரணம் கேட்டு எழுதுங்கள். சில இடங்களில் பதில் வரும். தகுதி விதியில் அடிபட்டதா, போட்டியில் பின்தங்கியதா என்பதைப் பிரித்தறிவது முக்கியம். விதியில் அடிபட்டிருந்தால் மேல்முறையீட்டில் நேரம் செலவழிக்காமல், இல்லாத அந்தத் தாளைப் பெறும் வழியைப் பாருங்கள். போட்டியில் பின்தங்கியிருந்தால், வேறொரு கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு நன்றாகப் படித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் மாறிச்செல்லும் வழி பல நாடுகளில் உண்டு. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் இதற்குப் பேர்போனவை. கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பியவரைப் பள்ளிச் சான்றிதழ் கேட்காமலே அவை சேர்த்துக்கொள்கின்றன. அங்கிருந்து மாறிச்செல்ல விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது கல்லூரி மதிப்பெண்கள். என் மகள் அந்த ஓராண்டு தாமதத்துக்குப் பின் எழுதிய இரண்டாவது விண்ணப்பத்தில், வீட்டில் தயாரித்த பட்டியல் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது. முதல் பக்கத்தில் கல்லூரி ஒன்று முத்திரையிட்ட இரண்டு பாடங்கள் இருந்தன.